ஆள் ஆன் த வே

எங்கள் ஆபீஸில் தண்டமாகக் கிடந்த ஒரே பொருள் அக்காவின் நாற்காலிதான். பதினோரு வருஷத்தில் அவர் அதில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வெள்ளைப் பலகைக்கும் ஜன்னலுக்கும் இடையே குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டே இருப்பார். கொஞ்சம் ஓய்ந்தால் மேசை மேலிருக்கும் பேனாக்களை நிறம் பார்த்து அடுக்குவார். அடுத்த மணி அடித்ததும் அவரே கலைத்துவிடுவார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நடை. இல்லாவிட்டால் சத்தம் போனில் கேட்குமாம்.

நாங்கள் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. முந்நூற்றுச் சொச்சம் கட்டடங்களின் லிஃப்ட்டுகள் எங்கள் பொறுப்பு, அத்தனைக்கும் சேர்த்து ஆறு மெக்கானிக்குகள். லிஃப்ட்டுக்குள்ளே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதில் ஒரு நம்பர் இருக்கும். மாட்டிக்கொண்டவர் அதைக் கூப்பிட்டால் அக்கா எடுப்பார். நான் அடுத்த அறையில் ஸ்டோர் கீப்பர். கதவு உருளை, பட்டன், ஃபியூஸ், சாவி எல்லாம் என் ராஜ்ஜியம். இரண்டு அறைக்கும் நடுவில் மார்பளவுக்கு ஒரு தடுப்புதான். அதனால் அவர் பேசியதிலும், போனின் அந்தப் பக்கம் பேசியதிலும் என் காதில் விழாத வார்த்தை கிடையாது. அவருக்கு நாற்பத்தாறு வயது. நாங்கள் எல்லாரும் அக்கா என்போம், அவரைவிடப் பெரியவரான மேனேஜரும் அக்கா என்பார்.

அக்காவின் படிப்பு பன்னிரண்டாவதோடு நின்றுபோனது. ஒரு கூரியர் கவுன்டரில் ஒன்பது வருஷம் நின்றார். அங்கே கற்றுக்கொண்டதுதான் ‘ஆன் த வே’. பார்சல் எங்கே என்று மூக்கு சிவக்க வந்து நிற்கிறவரிடம் தெரியாது என்று சொல்ல முடியுமா? தொலைந்துபோனது என்று சொன்னால் கையை ஓங்குவார்கள். ‘ஆன் த வே சார்’ என்றால் மட்டும் ஏதோ கையில் கிடைத்த மாதிரி திரும்பிப் போவார்களாம். எங்கள் கம்பெனி இன்டர்வியூவில் மேனேஜர் கேட்டிருக்கிறார், "லிஃப்ட்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டுக் கத்துறார். என்ன சொல்வீங்க?" அக்கா கண் இமைக்கவில்லை. "ஆள் ஆன் த வே, பத்தே நிமிஷம்னு சொல்வேன் சார்." அன்றைக்கே வேலை.

அந்த மூன்று வார்த்தை யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். மெக்கானிக்குகளில் மூத்தவர் மீசை. மீசையை எடுத்துப் பல வருஷமாகிறது, பேர் மட்டும் போகவில்லை. அவர் ஆன் த வே என்றால் கையிலிருக்கும் டீ இன்னும் ஆறவில்லை. இன்னொரு மெக்கானிக் நெட்டை சொன்னால் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறான். சாமான் அனுப்புகிற கம்பெனிக்காரர்கள் சொன்னால் சாமான் இன்னும் உருவமே எடுக்கவில்லை. மேனேஜர் காலையில் சொன்னால் குளித்துக்கொண்டிருக்கிறார், வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம்கூடக் கேட்கும். இதில் யாரும் யாரிடமும் ஏமாறவில்லை. லிஃப்ட்டுக்குள் நிற்கிறவர் ஒருவருக்குத்தான் இந்தக் கணக்கு தெரியாது.

தமிழிலேயே சொல்லலாமே என்று ஒருமுறை அக்காவைக் கேட்டேன். "வந்துட்டிருக்கார்னு சொல்லிப் பாரு" என்றார். "யாரு, எங்க வர்றார், எதுல வர்றார்னு உடனே கேப்பாங்க. ஆன் த வேன்னா கேக்க மாட்டாங்க தம்பி. அதுல ஆளே கிடையாது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

வீட்டிலும் இதே கதை. அவர் கணவர் பள்ளிச் சீருடை தைக்கிற தையல்காரர், நிதானமான மனுஷன். இரண்டு பெண்கள், இருவரும் கல்லூரி. சாயங்காலம் பெரியவள் போன் செய்து "அம்மா, எங்க இருக்க?" என்பாள். "ஆன் த வேடி" என்று அக்கா பலகையைத் துடைத்துக்கொண்டே சொல்வார். அந்தப் பக்கம் அவள் அப்பாவிடம் கத்துவது எனக்கே கேட்கும்: "அப்பா, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, அரிசியை அப்புறம் வைக்கலாம்!" அக்கா போனை வைத்துவிட்டு, "பெத்ததுங்களே நம்பலை பாரு" என்பார். முகம் சிரிக்கும், கால் நடந்துகொண்டிருக்கும்.

ஏன் இப்படி நடக்கிறீர்கள், முட்டி என்னத்துக்கு ஆகும் என்று கேட்டதற்கு ஒரு நாள் பதில் சொன்னார். "உக்காந்துக்கிட்டுச் சொல்ல முடியலை தம்பி. நடந்துக்கிட்டே சொன்னா, நானாவது கிளம்பின மாதிரி இருக்கு." அதைக் கேட்டு எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேச்சை மாற்றினேன்.

எல்லாம் மேனேஜர் வைத்த சட்டம். புகார் வந்த இரண்டு நிமிஷத்துக்குள் கட்டடத்தின் பேர் பலகையில் ஏற வேண்டும். மெக்கானிக்குகள் எல்லாரும் இருக்கிற போன் குரூப்பிலும் ஏற வேண்டும். அதற்கு நேரே ஆன் த வே என்று போட்டாக வேண்டும். ஆளைத் தேடுவது அப்புறம். மாசக் கடைசியில் பெரிய ஆபீஸுக்கு அனுப்புகிற கணக்கில் ‘பதிலளித்த நேரம்: இரண்டு நிமிஷம்’ என்று வர வேண்டுமே! "பதில் முதல்ல போகணும் அக்கா, ஆள் பின்னாடி போய்ச் சேருவான்" என்பார். முக்கால்வாசி நேரம் அப்படித்தான் நடந்தது. அக்கா ஐந்து, பத்து நிமிஷத்தில் யாரையாவது பிடித்து, கெஞ்சி, மிரட்டி அனுப்பிவிடுவார். பொய் சொன்ன பத்து நிமிஷத்தில் அதை மெய்யாக்கிவிடுகிற சாமர்த்தியம் அவருக்கு இருந்தது. அதனால் பதினோரு வருஷம் ஓடியது.

அந்த வியாழக்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு போன் வந்தது. புதிதாகக் கட்டிய ஆறு மாடிக் கட்டடம், பாதி வீட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை. பேசியவர் வயசானவர், குரலில் ஒரு மரியாதை. மூன்றாவது மாடிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நின்றுவிட்டது என்றார்.

"பயப்படாதீங்க ஐயா. ஆள் ஆன் த வே, பத்தே நிமிஷம்."

"ரொம்ப நன்றிம்மா" என்று வைத்தார். அக்கா பலகையில் எழுதினார், குரூப்பில் போட்டார். ஒரு நிமிஷம் நாற்பது வினாடி. பிறகு நெட்டையைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருப்பான், அங்கே சிக்னல் கிடைக்காது. ஐயா மாட்டிக்கொண்ட கட்டடத்து வாட்ச்மேன் நம்பரைப் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. மீசையைக் கூப்பிடுவதற்குள் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து, ஒரு துணிக்கடையிலிருந்து, கதவு மூடவில்லை என்று தினமும் கூப்பிடுகிற ஒரு அம்மாளிடமிருந்து என்று வரிசையாக மூன்று போன். தலைக்கு மேல் வேலை என்பார்களே, அப்படி ஒரு மதியம்.

ஒன்று முப்பதுக்கு ஐயா மறுபடியும் கூப்பிட்டார். "அம்மா, எங்க வர்றாங்க?"

"ஆன் த வே ஐயா. சிக்னல்ல நிக்கிறார்." சிக்னல் என்பது அக்காவின் கைச்சரக்கு. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் அல்லவா?

"சரிம்மா, அவசரமில்லை. மக கிளம்பி வரேன்னா. பக்கத்துலதான் ஆபீஸ். ஆளு வந்துட்டே இருக்காங்க, நீ வேலையைப் பாரு, வராதேன்னு சொல்லிட்டேன்." அவர் சின்னதாகச் சிரித்தார். "என்ன, சர்க்கரைக்கு ஊசி போட்டுட்டுக் கீழ சாப்பிடக் கிளம்பினேன். லேசா கை நடுங்குது. வந்துடுவாங்க இல்ல?"

அக்காவின் நடை நின்றது. எனக்கு அதுதான் முதல் அடையாளம். எழுந்து தடுப்புக்கு மேலே பார்த்தேன். அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. அவர் மாமனார் சர்க்கரைக்காரர், ஊசி போட்டுச் சாப்பிடாமல் விட்டால் சர்க்கரை இறங்கி என்ன ஆகும் என்று வீட்டிலேயே பார்த்தவர். "சட்டைப் பையில மிட்டாய் ஏதாவது இருக்கா ஐயா?" என்று கேட்டார். இல்லையாம். "தரையில உக்காந்துக்குங்க, நான் இப்பக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டு மீசையைப் பிடித்தார்.

ஸ்பீக்கரில் மீசையின் குரல் கேட்டது. "அந்தக் கட்டடமா? அந்த வாசல் வழியாத்தானே அக்கா இப்ப வந்தேன். இறங்கிப் பாக்கலாம்னுகூட நினைச்சேன். குரூப்ல ஆன் த வேன்னு கிடந்துச்சு, சரி நெட்டை போறான் போலன்னு வந்துட்டேன். இப்பப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன். திரும்பி வரணும்னா முக்கால் மணி ஆகும், வண்டி ஒண்ணும் நகரலை." "ஆகட்டும், திரும்புங்க" என்றார் அக்கா.

மற்ற நான்கு பேரையும் கேட்டாயிற்று. மூன்று பேர் நகரத்தின் மறுமுனையில். ஒருவன் அந்தப் பக்கம் இருந்தும், குரூப்பைப் பார்த்துவிட்டு மீசை போகிறார் என்று நினைத்து, பாலம் தாண்டியிருக்கிற வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தான். யாருமே போகாத இடத்துக்கு எல்லாரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

அக்கா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். விலாசம் வாங்கிக்கொண்ட பெண், பதமான குரலில், "வண்டி ஆன் த வே மேடம்" என்றாள். அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து அதையே ஒரு கணம் பார்த்தார். அந்தக் குரல் அவருக்குத் தெரியும். அது அவருடைய குரல்.

ஒன்று நாற்பத்தொன்றுக்கு ஐயாவே கூப்பிட்டார். வார்த்தை குழறியது. "அம்மா… சிக்னல்… தாண்டியாச்சா?"

நான் தடுப்பைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். இன்னொருமுறை அதையே சொல்லுங்கள், அவர் தைரியமாக இருக்கட்டும் என்று சைகை காட்டினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், காட்டினேன்.

"ஐயா, நல்லாக் கேளுங்க" என்றார் அக்கா. "நான் சொன்னது பொய். யாரும் கிளம்பலை. நான் சொன்னப்பவும் யாரும் கிளம்பியிருக்கலை. இப்ப நான் கிளம்புறேன். இருபது நிமிஷம் ஆகும். நீங்க உடனே மகளுக்குப் போன் பண்ணுங்க. வரச் சொல்லுங்க."

அந்தப் பக்கமிருந்து, "பொய்யா?" என்றார் அவர். கோபமாகக்கூட இல்லை, விளங்காத குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார். லைன் அறுந்தது.

"ஸ்கூட்டர் இருக்கா?" என்றார் அக்கா. "சாவி எடு. கதவுச் சாவி, முக்கோணம்."

லிஃப்ட்டின் வெளிக்கதவைத் திறக்கிற சாவி அது. ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்காமல் நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அன்றைக்கு ரெஜிஸ்டர் எங்கே இருக்கிறது என்றே பார்க்கவில்லை. "நீங்களும் வந்துட்டா போனை யாரு எடுப்பா?" என்று கேட்டேன். "மேனேஜர் நம்பருக்குத் திருப்பிட்டேன். அவரும் ஒரு நாள் சொல்லிப் பாக்கட்டும்" என்றார். படிக்கட்டில் இறங்கும்போதுதான் பார்த்தேன், காலில் செருப்பு இல்லை. சொன்னேன். காதில் வாங்கவில்லை.

வழியில் ஒரு பெட்டிக்கடையில் நிறுத்தி, உறிஞ்சு குழல் வைத்த நான்கு ஜூஸ் பாக்கெட்டும் ஒரு பொட்டலம் சர்க்கரையும் வாங்கினார். பிறகு அந்தப் போக்குவரத்து. நான் மூன்று இடத்தில் எதிர்த் திசையில் ஓட்டினேன், ஒரு இடத்தில் நடைபாதையில் ஏறினேன். இரண்டு பேர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். அக்கா பின்னால் உட்கார்ந்து நிறுத்தாமல் ஐயாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது தடவை எடுத்தார்.

"ஐயா, போனை வைக்காதீங்க. பேச வேண்டாம், கேட்டுக்கிட்டே இருங்க. இப்ப பெட்ரோல் பங்கைத் தாண்டறோம். முன்னால ஒரு லாரி நிக்குது. அது போனாத்தான் நாங்க போக முடியும். இன்னும் எட்டு நிமிஷமாவது ஆகும். ஐயா? ஒரு சத்தம் குடுங்க."

ஒரு முனகல் கேட்டிருக்கிறது. "லாரி நகர்ந்துடுச்சு ஐயா. பள்ளிக்கூடத்து மதில் பக்கம் வந்துட்டோம். இங்க ரெண்டு வழி இருக்கு, எது சுருக்கம்னு எங்களுக்குத் தெரியலை, தம்பி இடது பக்கம் திருப்பறார்." அத்தனையும் நிஜம். பதினோரு வருஷத்தில் அவர் ஒரு கஸ்டமரிடம் இவ்வளவு விவரமாகப் பேசி நான் கேட்டதில்லை.

வாசலில் வாட்ச்மேன் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்தார். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருக்கிறார், விஷயமே தெரியாது. "ஐயா மக நம்பர் இருக்கா? உடனே போடுங்க, வரச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே அக்கா படியேறினார். "லிஃப்ட் மெயின் சுவிட்ச் எங்க இருக்கு? தம்பி, முதல்ல மெயினை இறக்கு. அப்புறம்தான் கதவு." எத்தனையோ வாட்ச்மேன்களுக்குப் போனில் சொல்லிக்கொடுத்த பாடம். லிஃப்ட்டின் மேல் அவர் கை பட்டதென்னவோ அன்றைக்குத்தான்.

மெயினை இறக்கிவிட்டு மூச்சிரைக்க மூன்றாவது மாடிக்குப் போனேன். சாவி எந்த ஓட்டையில் போகும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. நான் வாங்கித் திறந்தேன். கதவு விலகியதும் கீழே இருட்டாகத் தெரிந்தது. லிஃப்ட் கூண்டின் கூரை தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது, உள்ளே பார்க்க அந்த இடைவெளிதான். அக்கா குப்புறப் படுத்து, உள் கதவை விரலால் நெம்பித் தள்ளினார். ஐயா மூலையில் சரிந்து உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை. போன் மடியில் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"ஐயா! இங்க பாருங்க. மேல பாருங்க."

தலை மெல்ல நிமிர்ந்தது. "யாரு?"

"நான்தான். போன்ல பேசினவ."

குழல் குத்திய பாக்கெட்டைக் கடைப் பையில் போட்டு, வாட்ச்மேன் கொண்டுவந்த பார்சல் கயிற்றைக் கட்டி இறக்கினோம். அவர் கை பக்கத்தில் வந்து வந்து தவறியது. "இடது பக்கம் ஐயா. இன்னும் கொஞ்சம். அதான், அதைப் பிடிங்க. குழாயை வாயில வைங்க. உறிஞ்சுங்க." அதட்டினார், கொஞ்சினார், சின்னப் பெண்ணை அதட்டுகிற மாதிரி மறுபடி அதட்டினார். முதல் வாய் நெஞ்சில் வழிந்தது. இரண்டாவது உள்ளே போனது. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. இரண்டாவது பாக்கெட் பாதி காலியானபோது அவர் கண் தெளிந்து, "கதவைத் திறந்தாச்சா?" என்று தெளிவாகக் கேட்டார்.

அப்போது படியில் ஓட்டமாக ஓடிவந்தாள் அவர் மகள். கழுத்தில் ஆபீஸ் அட்டை ஆடியது. வாட்ச்மேன் போன் செய்து நான்கு நிமிஷத்தில் வந்துவிட்டாள். அக்காவுக்குப் பக்கத்தில் அவளும் குப்புறப் படுத்து, "அப்பா, அப்பா" என்று கையை உள்ளே விட்டாள். ஐயா எழுந்து நின்று அந்த விரல்களைத் தொட்டார். மகளுக்குப் போன் செய்யத்தான் பார்த்தாராம், எந்தப் பேரை அழுத்துவது என்று தெரியவில்லையாம். மீசை வந்து லிஃப்ட்டை மட்டத்துக்கு ஏற்ற வேண்டும், அதுவரை அவரை இழுக்கக்கூடாது, இப்படியே இருந்தால் ஆபத்தில்லை என்று அக்கா அவளுக்கு விளக்கினார். அவள் தலையாட்டினாள். மூச்சு வாங்கி முடித்ததும் எழுந்து எங்களைப் பார்த்தாள்.

"ஒன்றேகாலுக்கே நான் கிளம்பிட்டேன். ரெண்டு தெருதான். அப்பாதான், ஆள் வந்துட்டே இருக்காங்க, வராதேன்னார். அவங்களே சொன்னாங்களாம். யாரு சொன்னது?"

நான் முந்திக்கொண்டேன். "கன்ட்ரோல் ரூம்ல யாரோ புதுசா…"

"நான்தான்மா சொன்னேன்" என்றார் அக்கா. "ரெண்டு தடவை சொன்னேன். அப்ப யாரும் கிளம்பலை."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"எல்லாருக்கும் சொல்றதுதான்."

அவள் கை ஓங்கவில்லை. திட்டவும் இல்லை. ஓங்கியிருந்தால் நான் நடுவில் புகுந்து ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். "நாலு நிமிஷத்துல வந்திருப்பேன்" என்று மட்டும் சொன்னாள். திரும்பவும் படுத்து அப்பாவோடு பேச ஆரம்பித்தாள். அக்கா சுவரோரமாக நின்றார். அழுக்குப் படிந்த வெறுங்காலைப் பார்த்துக்கொண்டே நின்றார். மீசை வர இன்னும் இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. ஆம்புலன்ஸ் அதற்கும் பிறகு வந்தது. ஐயா நடந்தே போய் அதில் ஏறினார்.

மறுநாள் மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டார். ஐயா வீட்டிலிருந்து புகார் ஏதும் வரவில்லை, தப்பித்தோம், நீங்களே போய்க் காப்பாற்றியதைப் பெரிய ஆபீஸுக்கு எழுதப் போகிறேன் என்றார். எழுதுவதாக இருந்தால் முழுசாக எழுதுங்கள், நான் சொன்ன பொய்யால்தான் காப்பாற்ற வேண்டி வந்தது, அதையும் சேருங்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறார். மேனேஜர் எழுதவில்லை. இரண்டு நிமிஷச் சட்டம் மட்டும் அப்படியேதான் என்றார். அக்கா தலையாட்டிவிட்டு வந்து செருப்பைக் கழற்றினார்.

பத்தேகாலுக்கு முதல் போன். ஒரு பெண், கைக்குழந்தையோடு நான்காவது மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். குழந்தை வீறிட்டது. அவள் அதைவிடச் சத்தமாக, "யாராவது வர்றாங்களா? வர்றாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கே இருப்புக் கொள்ளவில்லை.

"இன்னும் யாரும் கிளம்பலைம்மா" என்றார் அக்கா. "இப்பதான் ஆள் தேடறேன்."

அந்தப் பெண் ஓ என்று அழ ஆரம்பித்தாள். என்ன மனுஷி நீ, இப்படியா சொல்வாய் என்று அழுகைக்கு நடுவில் திட்டினாள். என்னால் தாங்க முடியவில்லை. நேற்று அத்தனையையும் கண்ணால் பார்த்தவன்தான் நான். இருந்தும் தடுப்புக்கு மேலே எட்டிக் கத்தினேன்: "அக்கா, ஆன் த வேன்னு சொல்லித் தொலைங்களேன்! பாவம் அந்தப் பொண்ணு!"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்னொரு கையால் நெட்டையின் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தார்.

"அழும்மா" என்றார் போனில். "திட்டு. புருஷனோ பக்கத்து வீட்டுக்காரங்களோ இருந்தா இப்பவே கூப்பிட்டு வரச் சொல்லு. எங்க ஆள் இன்னும் கிளம்பலை. கிளம்பினா எங்க இருந்து கிளம்பறான்னு பேரோட சொல்றேன். அதுவரைக்கும் நான் லைன்லதான் இருப்பேன்."